கல்லும் கிராதியும்

அமெரிக்காவில் சொந்த வீடுள்ள குடும்பஸ்தர்கள் பலருக்கு வீட்டின் பின்புறத்தில் ஒரு புல்தரை உண்டு. கோடை வந்துவிட்டால் அந்தப் புல்தரையில் அடுப்பு மூட்டிச் சமைப்பது ஒரு சின்னத் திருவிழா. அடுப்பு என்றால் பாத்திரம் ஏற்றுகிற அடுப்பு அல்ல. நெருப்புக்கு மேலே இரும்புக் கம்பிகளை வரிசையாகப் பதித்த கிராதி அடுப்பு. அதற்கு 'கிரில்' என்று பெயர். மாமிசத்தைக் கம்பியின் மேல் போட்டு வாட்டுவார்கள். இந்த நூற்றாண்டில் அதற்குப் பக்கத்தில் இன்னோர் அடுப்பும் வந்து நிற்கத் தொடங்கியிருக்கிறது. அதில் கம்பிகள் கிடையாது. அகலமான, தட்டையான இரும்புப் பலகை. அடியில் காஸ் பர்னர்கள். நம்மவர் யாராவது பார்த்தால், "அட, ஹோட்டல் தோசைக்கல்!" என்பார்கள். அவர்கள் அதைக் 'கிரிடில்' என்கிறார்கள்.

இங்கேதான் குடும்பஸ்தருக்குச் சங்கடம் பிறக்கிறது. நாலு கால் முளைத்த இந்தக் கல்லைத் தனியாக வாங்குவதா? அல்லது இருக்கிற கிராதியின் மேல் பொருத்திக்கொள்ளும் ஓர் இரும்புத் தட்டை வாங்கிக் காரியத்தை முடித்துவிடுவதா? கேள்வி சின்னதுதான். ஆனால் அதன் வேரைத் தோண்டிப் பார்த்தால், நெடுங்காலச் சரித்திரமும், இருப்பவன் இல்லாதவன் என்ற பேதமும் கூடவே கிளம்பி வருகின்றன.

முதலில் பெயரைப் பார்ப்போம். கிரில், கிரிடில் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். லத்தீன் மொழியில் 'கிராட்டிஸ்' என்றால் மிலாறுகளைப் பின்னிச் செய்த படல். அதில் சிறியது 'கிராட்டிகுலா'. இந்தச் சொல் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் புகுந்து இங்கிலீஷுக்கு வந்தபோது, ஒரு பிள்ளை கம்பியாகவும் மற்றொரு பிள்ளை தட்டாகவும் ஆகிவிட்டது. இதே குடும்பத்தில் மூன்றாவது உறவு ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. போர்த்துகீசியர் 'கிராதே' என்று சொன்னதை நாம் 'கிராதி' என்று ஏற்றுக்கொண்டோம். அந்தக் கிராதியைப் பதிக்கிற ஜன்னலும் அவர்கள் கொடுத்துவிட்டுப் போன சொல்தான்.

பெயர் ஒன்றானாலும் இரண்டின் ஜாதகமும் வேறு. கிராதி எப்போதும் ஆடம்பரத்தோடு பிறந்தது. கி.பி. 258-ல் ரோமாபுரியில் லாரன்ஸ் என்ற கிறிஸ்தவத் திருத்தொண்டரை இரும்புக் கிராதியில் கிடத்தித் தீயில் வாட்டினார்கள் என்பது திருச்சபை மரபு. அவர் பெயரால் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் 1563-லிருந்து 1584 வரை எஸ்கோரியல் மாளிகையைக் கட்டினார். முற்றங்களும் கட்டுகளுமாக அமைந்த அதன் வடிவமே ஒரு கிராதியைக் குறிக்கிறது என்று சொல்லுவார்கள். கரிபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களோ குச்சிகளால் உயரமான பரண் கட்டி, அடியில் தீ மூட்டினார்கள். அவர்கள் சொன்ன 'பார்பகோவா'தான் இன்றைய 'பார்பிக்யூ'. 1697-ல் தம் பிரயாண நூலை வெளியிட்ட டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி, அப்படிப்பட்ட பரண்களின் மேல் படுத்து இரவைக் கழித்ததாக எழுதியிருக்கிறார். அடியில் நெருப்பு இல்லாமல்தான்!

கல்லின் கதை இத்தனை பிரமாதமானதல்ல. மெக்சிகோவில் ஸ்பானியர் கால் வைப்பதற்கு வெகு காலம் முன்பே, பெண்கள் மூன்று கற்களின் மேல் தட்டையான மண் ஓட்டை வைத்து மக்காச்சோள ரொட்டி சுட்டார்கள். அதற்கு 'கோமல்' என்று பெயர். வேல்ஸ் நாட்டு ஏழைக் குடிசைகளில் ஒரு பலகைக் கல்லைத் தணலின் மேல் வைத்து அடை தட்டினார்கள். பிற்பாடு கல் போய் இரும்பு வந்தது. ஆனாலும் பெயர் 'சுடுகல்' என்றே நின்றுவிட்டது. இரும்பிலே செய்ததைத் தோசைக்கல் என்று சொல்லும் நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைகளுக்கும் ஏழைக் குடியானவர்களுக்கும் மக்காச்சோள மாவில் தட்டிய 'ஹோ கேக்'தான் அன்றாட ஆகாரம். ஜனாதிபதி வாஷிங்டனும் அதையே விரும்பிச் சாப்பிட்டார். ஆனால் அவருடைய தட்டில் வெண்ணெயும் தேனும் இருந்தன.

ஏன் இந்த வித்தியாசம்? கம்பியின் மேல் மாவை ஊற்ற முடியாது. மாமிசம் வேண்டும். அதிலிருந்து உருகும் கொழுப்பு நெருப்பில் சொட்டிப் புகையாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனசும் வேண்டும். அந்தப் புகைதான் ருசி! கல்லில் ஒரு சொட்டும் வீணாவதில்லை. முதலில் போட்டது விட்ட கொழுப்பில் அடுத்தது வேகிறது. ஆகவே, கம்பி விருந்துக்கு என்றும், கல் பசிக்கு என்றும் உலகம் பங்கு பிரித்துக்கொண்டது.

அமெரிக்காவிலும் இதுவேதான் நடந்தது. 1921-ல் கான்ஸாஸ் மாகாணத்து விச்சிட்டா நகரில் ஆரம்பித்த 'ஒயிட் காஸில்' கடை, கொத்துக் கறி வடைகளை இரும்புக் கல்லில் அழுத்திச் சுட்டு, ஒன்று 5 சென்ட் என்று விற்றது. வேலைக்குப் போகிறவனின் பசியைக் கல் கவனித்துக்கொண்டது. விருந்துக்கான கிராதிக்கு ஹென்றி ஃபோர்டு துணை வந்தார். மோட்டார் வண்டிக்கு மரம் அறுத்ததில் மிஞ்சிய துண்டுகளைக் கரியாக்கி, வில்லைகளாக அழுத்தி, 1920-களில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1952-ல் சிகாகோவில் கடல் மிதவைகள் செய்த வெபர் பட்டறையைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டீபன், மிதவையின் அரைக்கோளம் ஒன்றில் கரியைப் போட்டு, இன்னொன்றை மூடியாகக் கவிழ்த்தார். புல்தரைக்கு அரசன் பிறந்துவிட்டான்.

இந்த அரசன் வீட்டில் தட்டு விருந்தாளியாக வந்து சௌகரியமாக இருக்க முடியுமா? இதற்கும் பழைய உதாரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இரும்பு அடுப்புகளில் மேலே வட்ட மூடிகள் இருக்கும். இரண்டு மூடிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீளமான வார்ப்பிரும்புக் கல்லைப் போட்டு அடை சுட்டார்கள். அந்தக் கல் அந்த அடுப்பின் அளவுக்கென்றே வார்க்கப்பட்டது. புகை போகத் தனியாகக் குழாய் இருந்தது. ஆகையால் ஒத்துப்போயிற்று.

கிராதி அடுப்பின் சங்கதி வேறு. அதில் காற்று கீழேயிருந்து வந்து, கம்பிகளின் இடைவெளி வழியே மேலே போக வேண்டும். முழுக் கிராதியையும் தட்டால் மூடினால் அந்த வழி அடைபட்டுவிடும். கரி அடுப்பானால் தணல் மூச்சுத் திணறும்; காஸ் அடுப்பானால் சூடு கீழே திரும்பி, பர்னரையும் திருகுகளையும் பதம் பார்க்கும். எனவே தட்டு வாங்குகிறவர் சுற்றிலும் இடைவெளி விடும்படியான அளவில் வாங்க வேண்டும். கொழுப்பு வழிந்து தீயில் விழாமலிருக்க விளிம்பும் வேண்டும். தனிக் கல்லிலோ பர்னர்களே பலகைக்காகப் பரப்பப்பட்டவை. கொழுப்பை வாங்கிக்கொள்ளக் கிண்ணமும் உண்டு. ஆனால் அது இடத்தை அடைக்கும். எண்ணெய் பூசிப் பழக்கிக் காப்பாற்றாவிட்டால் துருப்பிடிக்கும். புகை மணத்தையோ ஒருநாளும் கொடுக்காது.

ஆக, கடைக்காரரிடம் யோசனை கேட்குமுன் வீட்டுக்காரர் தம் வீட்டாரைக் கேட்பது நல்லது. மாதத்துக்கு ஒருமுறை பண்டிகை மாதிரி மாமிசம் வாட்டி, கூட நாலு முட்டை பொரிப்பதுதான் வழக்கமென்றால், கிராதியும் ஒரு சின்னத் தட்டும் தாராளமாய்ப் போதும். வாரம் தவறாமல் முட்டையும் அடையும் வறுத்த சோறுமாக அரை டஜன் பேருக்குப் பரிமாற வேண்டிய வீடென்றால், கல்லுக்குச் சொந்தமாக ஒரு நெருப்பைக் கொடுத்துவிடுவதே நியாயம். விருந்து நாளை நினைத்துக்கொண்டு அடுப்பு வாங்குகிறவர்கள்தான் அதிகம். அதில் சமைக்கிறவர்களுக்கு மற்ற நாட்களும் இருக்கின்றன.

மூன்று கல்லின் மேல் மண் ஓட்டை வைத்த மெக்சிகோப் பெண்ணுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது. அவள் வீட்டில் நெருப்பு மூட்டியதே அந்த ஓட்டுக்காகத்தான்.