மலை மிதிவண்டி ஹேண்டில்பாரின் அகலம்

மலை மிதிவண்டியின் ஹேண்டில்பார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கொண்டுள்ள நேர்நீளமே அதன் அகலம் எனப்படுகிறது. இது மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. 1990களில் 560 மி.மீ. அளவே பரவலாக இருந்தது. இன்று 760 முதல் 800 மி.மீ. வரை வழக்கத்தில் உள்ளது. இம்மாற்றத்தின் வரலாறு, ஓட்டுநர் தமக்குரிய அகலத்தைத் தேர்வு செய்யவும் உதவுகிறது.

தொடக்ககாலம்

மலை மிதிவண்டி விளையாட்டு 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மரின் கவுண்டியில் உருவானது. அங்குள்ள இளைஞர்கள் பழைய ஷ்வின் மிதிவண்டிகளைச் சீரமைத்து மண்பாதைகளில் இறக்கி ஓட்டினர். 1976 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் நகருக்கு அருகில் 'ரீபேக்' இறக்கப் பந்தயம் தொடங்கியது. கரடுமுரடான பாதையில் முன்சக்கரத்தை அடக்கிப் பிடிக்க, மோட்டார் சைக்கிள் கைப்பிடிகளைப் போன்ற அகன்ற தண்டுகளை அவர்கள் பொருத்தினர். டாம் ரிச்சி வடிவமைத்த 'புல்மூஸ்' கைப்பிடியும் இம்மரபைச் சேர்ந்ததே.

குறுகிய கைப்பிடிகளின் காலம்

1980களின் பிற்பகுதியில் கிராஸ் கன்ட்ரி பந்தயங்கள் செல்வாக்குப் பெற்றன. 1990இல் கொலராடோவின் டுராங்கோ நகரில் முதல் அதிகாரப்பூர்வ உலகப் போட்டி நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு சேர்க்கப்பட்டது. இப்பந்தயங்களில் ஏற்றமே வெற்றியை முடிவு செய்ததால், சாலைப் பந்தய வீரர்களின் குனிந்த அமர்வு முன்மாதிரியானது. 1990இல் ஜான் டோமாக் என்ற வீரர் சாலை மிதிவண்டியின் வளைந்த கைப்பிடியுடனேயே மலைப் பந்தயங்களில் ஓட்டினார். எடையைக் குறைக்கவும், மரங்களுக்கிடையே நுழையவும் பலர் தண்டின் முனைகளை வெட்டிக்கொண்டனர்.

குறுகிய தண்டுடன் 120 மி.மீ. அல்லது அதற்கும் நீண்ட ஸ்டெம் பொருத்தப்பட்டது. ஸ்டெம் என்பது கைப்பிடியை முன்கவையுடன் இணைக்கும் உறுப்பு. இவ்வமைப்பில் உடல் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்ந்தது. செங்குத்தான இறக்கத்தில் பாறையில் மோதினால், ஓட்டுநர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படும் ஆபத்து இதனால் கூடியது. ஏற்றத்திற்கு ஏற்ற அளவு இறக்கத்தில் பாதுகாப்பைக் குறைத்தது.

மீண்டும் அகலம்

இறக்கப் பந்தய வீரர்கள் அகன்ற கைப்பிடிகளைத் தொடர்ந்து பயன்படுத்தினர். 2000களில் அவ்வழக்கம் பொதுவான மலை மிதிவண்டிகளுக்கும் பரவியது. சட்டகத்தின் முன்பகுதி நீண்டது. ஸ்டெம் 35 முதல் 50 மி.மீ. வரை குறைந்தது, முன்கவை மேலும் சாய்ந்தது, 29 அங்குலச் சக்கரங்கள் பெருகின. இவற்றைக் கட்டுப்படுத்த நீண்ட நெம்புகோல் தேவைப்பட்டது. நீண்ட தண்டு வளையாமலிருக்க, அதைப் பற்றும் நடுப்பகுதியின் விட்டமும் 25.4 மி.மீ.யிலிருந்து 31.8 மி.மீ.க்கும், சில தண்டுகளில் 35 மி.மீ.க்கும் உயர்ந்தது.

செயற்பாடு

ஹேண்டில்பார் ஒரு நெம்புகோலாகச் செயல்படுகிறது. 560 மி.மீ. தண்டில் நடுவிலிருந்து முனை 280 மி.மீ. தொலைவிலும், 760 மி.மீ. தண்டில் 380 மி.மீ. தொலைவிலும் உள்ளது. எனவே அதே திருப்புவிசையைப் பெற, முனையில் ஏறத்தாழ 26 விழுக்காடு குறைந்த விசை போதும். ஆனால் அதே கோணத்திற்குத் திருப்பக் கை ஏறத்தாழ 36 விழுக்காடு கூடுதல் தொலைவு நகர வேண்டும். நிலைத்தன்மை கூடும்போது விரைவுத்தன்மை குறைவது இதனால்தான்.

தேர்வு

ஒரே அகலம் அனைவருக்கும் பொருந்தாது. தோள் அகலம், கை நீளம், பாதையின் தன்மை ஆகிய மூன்றும் கருதத்தக்கவை. தண்டால் எடுக்கும்போது உடல் இயல்பாகத் தேர்ந்துகொள்ளும் கை இடைவெளி ஒரு தொடக்க அளவாகும். அளவுக்கு மீறிய அகலத்தில் முழங்கை முழுதாக நீண்டு, அதிர்ச்சியை உள்வாங்கும் மடிப்பை இழக்கிறது. மணிக்கட்டிலும் தோளிலும் வலி தோன்றலாம். குறுகிய தோள் கொண்டோருக்கு இது விரைவில் நேரும். நெருங்கிய மரங்களுள்ள காட்டுப்பாதையில் முனை மரத்தில் மோதும் அபாயமும் உண்டு.

தண்டை வெட்டும் முன், கைப்பிடி உறைகளையும் பிரேக் நெம்புகளையும் உள்நோக்கி நகர்த்திச் சில நாட்கள் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். பின்னர் இருமுனைகளிலும் சமமாக, ஒவ்வொரு முறையும் 5 மி.மீ. அளவில் வெட்டப்படுகிறது. உற்பத்தியாளர் குறித்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே வெட்டலாகாது. அகன்ற தண்டைக் குறைக்கலாம். வெட்டிய தண்டை மீண்டும் நீட்ட இயலாது.