செம்பும் இனப்பெருக்க ஹார்மோன் சுரப்பும்

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் சுரந்து, பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனின் உருவாக்கத்திலும் வெளியேற்றத்திலும் செம்புக்குப் பங்கு உண்டு. இந்த ஹார்மோன் பத்து அமினோ அமிலங்களாலான சிறு பெப்டைடு. இதன் கட்டமைப்பைக் கண்டறிந்த ஆண்ட்ரூ ஷாலி 1977இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர்.

செம்பு உப்பை முயலின் இரத்தக் குழாயில் செலுத்தினால், இணை சேராமலேயே கருமுட்டை வெளியாகிறது. பொதுவாக இணை சேர்ந்த பின்னரே முயலில் இது நிகழும் என்பதால் இக்கண்டுபிடிப்பு மிக முக்கியமானது. பின்னர் எலியின் ஹைப்போதலாமஸ் திசுவைத் தனியே எடுத்துச் சோதித்தபோது, ஹிஸ்டிடினுடன் பிணைந்த செம்பு ஜி.என்.ஆர்.எச். வெளியேற்றத்தைத் தூண்டியது, புரோஸ்டகிளாண்டின் ஈ2 சேர்ந்தால் விளைவு பெருகியது. ஆக, செம்பு ஹைப்போதலாமஸ் திசுவின் மீதே செயல்படுகிறது.

இதைவிட அடிப்படையான தொடர்பு ஒன்றும் உண்டு. ஹார்மோன் முழு வடிவம் பெற, அதன் வால்முனை அமைடாக மாற வேண்டும். அதைச் செய்யும் பி.ஏ.எம். நொதிக்குச் செம்பு இன்றியமையாதது. ஹார்மோனின் இரண்டாம் இடத்திலுள்ள ஹிஸ்டிடினுடனும் செம்பு பிணையக்கூடியது. இவை பெரும்பாலும் விலங்குச் சோதனைகளில் கண்டவை. செம்பு மாத்திரைகள் மனிதரின் கருவளத்தைக் கூட்டும் என்பதற்கு இவற்றை ஆதாரமாகக் கொள்ளலாகாது.