ஆலிவ் எண்ணெய் வாங்குவோர் கவனத்துக்கு: தரத்தைச் சொல்வது பெயரே, படம் அல்ல

பெங்களூரு: பெங்களூருவின் பேரங்காடிகளில் ஆலிவ் எண்ணெய்ப் புட்டிகள் ஒரே அடுக்கில் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. அனைத்திலும் ஆலிவ் கிளையின் படம் உண்டு. விலையில் மட்டும் பெரும் வேறுபாடு. பச்சை நிறத்தையும் வெளிநாட்டுப் பெயரையும் நம்பி வாங்குவோர், சக்கையிலிருந்து எடுக்கப்பட்ட எண்ணெய்க்கு உயர்ரக எண்ணெயின் விலையைக் கொடுத்துவிட நேரிடுகிறது.

இந்தியாவில் விற்பனையாகும் ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி ஸ்பெயின், இத்தாலி உள்ளிட்ட நாடுகளிலிருந்து இறக்குமதியாகிறது. வறட்சியால் ஸ்பெயினின் 2022-23 பருவ உற்பத்தி முந்தைய பருவத்தில் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது; உலகச் சந்தையில் விலை உயர்ந்தது. விலை ஏறும் பொருளில் கலப்படத்துக்கான தூண்டுதலும் ஏறும்.

வகைகள் என்னென்ன?

எக்ஸ்ட்ரா வர்ஜின்: வேதிப்பொருள் எதுவும் சேர்க்காமல், பழத்தை அரைத்துப் பிரித்தெடுப்பது. இதன் அமிலத்தன்மை 100 கிராமுக்கு 0.8 கிராமைத் தாண்டக்கூடாது.

வர்ஜின்: இதே முறையில் எடுக்கப்படுவது, அமிலத்தன்மை 2 கிராம் வரை இருக்கலாம்.

ஆலிவ் ஆயில்: சுத்திகரிக்கப்பட்ட எண்ணெயுடன் வர்ஜின் எண்ணெய் கலந்தது. 'பியூர்', 'லைட்' என்ற அடைமொழிகளுடன் வருவது பெரும்பாலும் இதுவே. 'லைட்' என்பது நிறத்தையும் மணத்தையும் குறிக்கும். கொழுப்போ கலோரியோ குறைவு என்று பொருளல்ல.

ஆலிவ் பொமேஸ் ஆயில்: பிழிந்தபின் எஞ்சும் சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்து, வர்ஜின் எண்ணெய் கலந்தது. உண்ணத் தகுந்ததே, ஆனால் இதனை 'ஆலிவ் எண்ணெய்' என்ற பெயரில் விற்கக் கூடாது என்கிறது கோடெக்ஸ் எனும் பன்னாட்டு உணவுத் தரநிலை. 'பொமேஸ்' என்ற சொல் சிறிய எழுத்தில் இருக்கக்கூடும் என்பதால் தேடிப் பார்ப்பது நல்லது.

கலவை எண்ணெய்: ஆலிவ் எண்ணெயை வேறு சமையல் எண்ணெயுடன் கலந்து விற்க அனுமதி உண்டு. கலக்கப்படும் ஒவ்வோர் எண்ணெயும் குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும். விகிதத்தையும் லேபிளில் குறிப்பிட வேண்டும்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

எண்ணெயின் வகை, உற்பத்தி நாடு, இறக்குமதியாளரின் பெயர், முகவரி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், பயன்பாட்டுக் காலம் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். வெளிச்சமும் வெப்பமும் எண்ணெயைக் கெடுக்கும் என்பதால் அடர்நிறக் கண்ணாடிப் புட்டியோ தகர டப்பாவோ சிறந்தது. தள்ளுபடி விலைக்கு வருபவை காலாவதியை நெருங்கியவையா என்பதையும் பார்க்க வேண்டும். விலையை ஒப்பிடும்போது 100 மில்லிக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் உண்மை தெரியும்.

வீட்டுச் சோதனை போதுமா?

குளிர்பதனப் பெட்டியில் உறைந்தால் அசல் என்ற நம்பிக்கை தவறானது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆலிவ் மையம் இதனை ஆய்ந்து, நம்பத்தக்கதல்ல எனத் தெரிவித்துள்ளது. நல்ல எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெயில் லேசான கசப்பும் தொண்டையில் காரமும் இருக்கும். எனினும் அது ஓர் அறிகுறிதானே தவிர, சான்று அல்ல. உறுதியான முடிவை ஆய்வகமே தர இயலும்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இன் 40-ஆவது பிரிவின்படி, நுகர்வோரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனை செய்துகொள்ளலாம். வாங்கும்போதே இந்த நோக்கத்தை விற்பனையாளரிடம் தெரிவிக்க வேண்டும். பொருள் சட்ட விதிகளுக்கு முரணானது எனத் தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மேல்முறையீட்டு ஆய்வுக்கான பரிந்துரை ஆய்வகங்களுள் மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் ஒன்று.

செலவைக் குறைக்க

பச்சைக் காய்கறிக் கலவைக்கும், சமைத்த உணவின் மேல் ஊற்றவும் எக்ஸ்ட்ரா வர்ஜின் சிறிய புட்டி போதும். திறந்த புட்டியைச் சில மாதங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். பொரிப்பதற்கு அதன் மணமும் விலையும் வீணாகும். ஆலிவ் எண்ணெயின் சிறப்பாகப் பேசப்படும் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு, கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் கணிசமாக உள்ளது. அன்றாடச் சமையலுக்கு அவற்றைப் பயன்படுத்திக்கொண்டு, ஆலிவ் எண்ணெயைத் தேவைக்கு மட்டும் வாங்குவதே சிக்கனம்.