கோல் பிடித்த பெண்கள்

ஸ்னூக்கர் ஆட்டம் 1875ஆம் ஆண்டில் இந்தியாவின் ஜபல்பூரில் ஆங்கிலேய இராணுவ அதிகாரிகளிடையே தோன்றியது. அதன் விதிகள் உதகமண்டலத்து கிளப்பில் வகுக்கப்பட்டன. பச்சைத் துணி விரித்த மேசையில் வெள்ளைப் பந்தைக் கோலால் தட்டி, மற்றப் பந்துகளைக் குழிகளில் விழச் செய்ய வேண்டும். கண் கூர்மையும் கை நிதானமும் இருந்தால் போதும். ஆயினும், நெடுங்காலம் இது ஆண்களின் ஆட்டமாகவே இருந்தது.

பெண்களுக்கான உலகப் போட்டி 1976இல் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரில் நடந்தது. கல்லூரியில் கலை கற்பித்துவந்த வேரா செல்பி வென்றார். 1981இல், தம் 51ஆம் வயதில், மீண்டும் வென்றார்.

ஆனால் உழைப்பாளிகளுக்கென அமைந்த கிளப்புகளிலேயே பெண்களுக்குத் தடை இருந்தது. 1978இல் வேக்ஃபீல்டு நகரில் அவ்வாறு தடுக்கப்பட்ட ஷீலா கேப்ஸ்டிக் என்ற பெண்மணி சம உரிமை கேட்டு இயக்கம் நடத்தினார்.

பின்னர் ரியான் எவன்ஸ் 2005 முதல் 2014 வரை பத்து ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடினார். ஆசியப் பெண்களும் முன்வந்தனர்: 2015இல் ஹாங்காங்கின் இங் ஆன் யீ, 2022இல் தாய்லாந்தின் நட்சருட், 2024இல் சீனாவின் பாய் யூலூ.

நம் தோட்ட மன்றத்தில் கேரம் பலகையைச் சுற்றி நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். அங்கே நம் பெண் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கட்டும்.