தலைமன்னார்த் துறையில் முடியும் தண்டவாளம்

மன்னார்த் தீவின் வடமேற்கு முனையில், மணலும் பனையும் சூழ நிற்பது தலைமன்னார்த் துறைப் புகையிரத நிலையம். மதவாச்சியிற் பிரியும் கிளைப்பாதை இங்கே கடலோரத்தில் முடிகிறது. இந்நிலையத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ‘போட் மெயில்’ பயணத்தின் இனிமையையே பேசுவர். கொழும்புக் கோட்டையில் இரவு வண்டி ஏறி, கப்பலில் தனுஷ்கோடி கடந்து, மீண்டும் வண்டியேறிச் சென்னை சேர்ந்தவர்களின் நினைவு அது. பொய்யன்று, ஆயினும் அது முதலாம் வகுப்புப் பெட்டியிலிருந்து பார்த்த வரலாறு.

கோப்பித் தோட்டக் காலத்தில், தென்னிந்தியக் கரையிலிருந்து தோணியில் வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவ்வழியில் மாய்த்தவர் எத்தனையோ பேர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, ஏறத்தாழ 22 மைல் கடலை நீராவிக் கப்பல்கள் கடக்கத் தொடங்கியபின், மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடிந்த தொழிலாளர் இத்துறையில் இறங்கி மலைநாட்டுக்கு ஏற்றப்பட்டனர். தேயிலைக்கும் இறப்பருக்கும் ஆள் வேண்டியிருந்தது; ஆளைக் கொணரப் பாதை வேண்டியிருந்தது. பாதை போட்ட ஆட்சியின் கருணையை இதில் தேடுவது வீண். 1939இல் இந்திய அரசு கூலியாட்கள் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது.

பின்னர் அதே மேடை எதிர்த்திசைக்குப் பயன்பட்டது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. இரு மாதங்களுக்குள், டிசம்பர்ப் புயலில், தனுஷ்கோடி அழிந்தது. ஆயினும் கப்பல் நிற்கவில்லை, இராமேசுவரத்துக்குச் சென்றது. இங்கே பிறந்து, இங்கேயே கொழுந்து பறித்தவர்கள், பெட்டியும் பாத்திரமும் பிள்ளைகளுமாய் இம்மேடையில் இறங்கிக் கப்பலுக்கு நடந்தனர். பல குடும்பங்களில் ஒருவர் இலங்கையர், மற்றவர் இந்தியர்.

1984இல் போரினாற் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் புறப்படாதிருந்த பல்லாயிரவர் இங்கேயே தங்கினர். எஞ்சியோருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. 1990இல் வண்டியும் நின்றது. தண்டவாளம் மீளப் போடப்பட்டு, 2015 மார்ச்சில் துறைவரை வண்டி மீண்டும் வந்தது. அன்று அதனை எதிர்கொள்ளக் கப்பல் எதுவும் இல்லை.