மலை காத்த நாடு

தென்னாப்பிரிக்காவின் வரைபடத்தில், கிழக்குப் பக்கமாக, ஒரு சிறு வெற்றிடம் தென்படும். முதன்முறை பார்ப்பவர்கள் அதை ஒரு மாகாணம் என்று எண்ணிக் கடந்துவிடக்கூடும். அது லெசோத்தோ என்னும் தனிநாடு. ஒரே ஓர் அண்டை நாட்டால் முழுமையாகச் சூழப்பட்ட நாடுகள் உலகில் மூன்றே. மற்ற இரண்டான வாத்திகனும் சான் மரீனோவும் இத்தாலிக்குள் அடங்கிய சின்னஞ்சிறு நிலங்கள். லெசோத்தோவோ 30,355 சதுர கிலோமீட்டர் பரப்பும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களும் கொண்டது. அதன் மிகத் தாழ்வான இடமே கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

பெயர்களைப் புரிந்துகொள்ள ஒரு சிறு விளக்கம் போதும். சோத்தோ என்பதே வேர். நாடு லெசோத்தோ, மொழி செசோத்தோ, ஒருவர் மொசோத்தோ, பலர் பசோத்தோ.

சுற்றியிருந்த நிலமெல்லாம் ஒரே நாடாக இணைந்தபோது இந்த ஒரு துண்டு மட்டும் எப்படி மிஞ்சியது? இக்கேள்விக்கான விடைதான் லெசோத்தோவின் வரலாறு.

1820களில் தென்னாப்பிரிக்காவின் உள்நிலப்பகுதி போர்களாலும் பஞ்சத்தாலும் சிதறிக்கிடந்தது. இனக்குழுக்கள் ஒன்றையொன்று துரத்தின, வயல்கள் தரிசாயின. அந்நாட்களில் ஒரு சிறு குலத்தின் இளம் தலைவராக இருந்த மொஷ்வேஷ்வே, 1824-ல் தம் மக்களைத் தாபா போசியு என்னும் குன்றுக்கு அழைத்துச் சென்றார். 'இரவின் மலை' என்பது அப்பெயரின் பொருள். செங்குத்தான பாறை விளிம்புகளும், தட்டையான உச்சியும், அங்கே மேய்ச்சல் நிலமும் ஊற்றுகளும் கொண்ட இயற்கைக் கோட்டை அது. இரவில் அது வளர்ந்து எதிரியை மலைக்கவைக்கும் என்று பசோத்தோக்கள் சொல்வதுண்டு.

அந்தப் பயணத்தின்போது மொஷ்வேஷ்வேயின் பாட்டனார் பீட்டே, பஞ்சத்தால் நரமாமிசம் உண்ணத் தலைப்பட்ட ஒரு கூட்டத்தாரிடம் சிக்கி மாண்டார் என்பது மரபுவழிச் செய்தி. பிற்பாடு அக்கூட்டத்தார் பிடிபட்டபோது, தம் பாட்டனாரின் கல்லறை இவர்களே, கல்லறையைச் சிதைக்கலாகாது என்று சொல்லி, மொஷ்வேஷ்வே அவர்களுக்கு நிலமும் கால்நடையும் அளித்துக் குடியமர்த்தினாராம். 1831-ல் தாபா போசியுவைத் தாக்கித் தோற்றுத் திரும்பிய இந்தபேலே படைக்கும் அவர் வழிச்செலவுக்கு மாடுகளை அனுப்பிவைத்தார். அந்தப் படை பின்னர் அங்கே வரவேயில்லை. அடைக்கலம் தேடி வந்தவர்களைக் குலம் பாராது சேர்த்துக்கொண்டதால்தான் பசோத்தோ என்ற மக்களினமே உருவானது.

1833-ல் அவர் அழைப்பை ஏற்று பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட் மதபோதகர்கள் வந்தனர். மொரிஜாவில் அவர்கள் நிறுவிய அச்சகம் செசோத்தோ எழுத்துலகின் தொட்டிலாயிற்று. அங்கே பணியாற்றிய தாமஸ் மொஃபோலோ எழுதிய 'சாக்கா' என்ற நாவல் 1925-ல் வெளிவந்தது. எந்தப் போர்க்காலம் பசோத்தோக்களை ஒன்றுதிரட்டியதோ, அக்காலத்தின் ஜூலு மன்னரையே ஒரு மொசோத்தோ தம் நாவலின் நாயகராக்கினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மொஷ்வேஷ்வேயின் உண்மையான சோதனை ஐரோப்பியரிடமிருந்து வந்தது. 1852-ல் பிரிட்டிஷ் தளபதி கேத்கார்ட்டின் படையைப் பசோத்தோக் குதிரைவீரர்கள் திணறடித்தனர். அன்றிரவே மொஷ்வேஷ்வே ஒரு கடிதம் அனுப்பினார். தாங்கள் போதுமான தண்டனை பெற்றுவிட்டதாகவும் இனிச் சமாதானம் வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டார். தோற்றுப்போகாதவர் எழுதிய கடிதம் அது! எதிரியின் மானத்தைக் காத்தால் அவன் திரும்பிப்போவான் என்பதை அறிந்தவர் அவர்.

ஆனால் ஆரஞ்சு சுதந்திர அரசின் போயர்கள் திரும்பிப்போக வந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு நிலம் வேண்டியிருந்தது. 1865-ல் தொடங்கிய போரிலும் தாபா போசியு வீழவில்லை. ஆயினும் வயல்கள் எரிந்தன, மக்கள் பட்டினியில் வாடினர். வேறு வழியின்றி முதிய மன்னர் பிரிட்டனின் பாதுகாப்பை நாடினார். 1868 மார்ச் 12 அன்று பசுட்டோலாந்து பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு பிரிட்டனும் போயர்களும் செய்துகொண்ட உடன்படிக்கை, காலிடன் ஆற்றுக்கு மேற்கிலிருந்த செழிப்பான சமவெளியைப் போயர்களுக்கே விட்டுவிட்டது. 1870-ல் மொஷ்வேஷ்வே மறைந்தார்.

1871-ல் பிரிட்டன் இப்பகுதியைக் கேப் காலனியுடன் இணைத்தது. துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு கேப் அரசு கட்டளையிட, 1880-ல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அடக்க முடியாமல் 1884-ல் கேப் அரசு அதைப் பிரிட்டனிடமே திருப்பிக் கொடுத்தது. நம் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. 1910-ல் கேப் உள்ளிட்ட நான்கு காலனிகள் சேர்ந்து தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோது, பசுட்டோலாந்து அவற்றுள் எதிலும் அடங்கியிருக்கவில்லை. பின்னாளில் அதைச் சேர்த்துக்கொள்ள தென்னாப்பிரிக்கா பலமுறை கேட்டும் நடக்கவில்லை. இனவொதுக்கல் ஆட்சியின் கீழ் சிக்காமல், 1966 அக்டோபர் 4 அன்று அது லெசோத்தோவாக விடுதலை பெற்றது.

இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1870களில் கிம்பர்லி வைரச் சுரங்கங்களுக்குத் தானியம் விற்ற மக்கள், நிலம் சுருங்கியபின் தம் ஆண்களையே சுரங்கங்களுக்கு அனுப்பினர். 1980களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைத்தனர். வீடும் வயலும் பெண்கள் தோளில் நின்றன. 1986 ஜனவரியில் தென்னாப்பிரிக்கா எல்லையை இறுக்கி மூடியதும், சில வாரங்களில் ராணுவப் புரட்சி நடந்து ஆட்சி கவிழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இரு நாடுகளுக்கும் இடையே நீர் உடன்படிக்கை கையெழுத்தானது. 185 மீட்டர் உயரமுள்ள கட்சே அணையிலிருந்து, மலைகளைக் குடைந்த சுரங்கப்பாதைகள் வழியே, 1998 முதல் ஜோகன்னஸ்பர்க் பகுதிக்கு நீர் செல்கிறது. சூழ்ந்திருக்கும் நாடு இந்தச் சிறு நாட்டின் மழையைக் காசு கொடுத்து வாங்குகிறது.

இழந்த சமவெளியை மக்கள் மறந்துவிடவில்லை. 2023-லும் அதைத் திரும்பக் கோரும் தீர்மானம் லெசோத்தோ நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. மொஷ்வேஷ்வே தாபா போசியுவின் உச்சியில் துயில்கிறார். அந்நாட்டின் தேசியக் குறிக்கோள் மூன்றே சொற்கள்: அமைதி, மழை, வளம். முதலிரண்டையும் பசோத்தோக்கள் ஓரளவு காத்துக்கொண்டார்கள். மூன்றாவது, காலிடன் ஆற்றின் மறுகரையில் தங்கிவிட்டது.