பதினெட்டுப் பெயர்கள்

இங்கிலாந்தில் பாத் என்றே ஓர் ஊர் இருக்கிறது. 46 டிகிரி வெந்நீர், ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டருக்கு மேல், அங்கே பூமிக்குள்ளிருந்து தானாகப் பொங்கி வருகிறது. ரோமானியர்கள் அந்த ஊற்றையொட்டி சூலிஸ் மினர்வா என்ற தெய்வத்துக்குக் கோயிலும், பக்கத்திலேயே பொதுக் குளியலகமும் கட்டினார்கள். அவர்கள் போனபின் எல்லாம் சேற்றில் புதைந்துபோனது.

1878இல் வெந்நீர் எங்கே கசிகிறது என்று தேடப்போனார் நகர சர்வேயர் மேஜர் டேவிஸ். தோண்டத் தோண்ட ரோமானியக் கட்டுமானம் வந்தது. அடுத்த சில வருடங்களில் பெரிய குளமே வெளியே வந்துவிட்டது. அடியில் ரோமானியர் விரித்த ஈயத் தகடுகள் அப்படியே இருந்தன. நான் எழுதும் கோடு மூணு வருஷம் தாங்கினாலே அதிசயம்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது 1979–80இல் பேரி கன்லிஃப் குழு ஊற்றுக்குள்ளேயே இறங்கிச் செய்த அகழாய்வுதான். 12,000க்கும் அதிகமான நாணயங்கள் கிடைத்தன. கூடவே, எழுத்து கீறப்பட்ட சின்னச் சின்ன ஈயத் தகடுகள், சுமார் 130. ரோஜர் டாம்லின் அவற்றைப் பொறுமையாகப் படித்துச் சொன்னார். பெரும்பாலானவை திருட்டுப் புகார்கள்! மேலங்கி, காசு, பாத்திரம். குளிக்கிற இடத்தில் துணியைக் கழற்றி வைத்தால் வேறென்ன நடக்கும்? டொசிமீடிஸ் என்பவருக்கு ரெண்டு கையுறை தொலைந்திருக்கிறது. எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகணும் என்கிறார்.

அன்னியானஸ் என்பவரின் பையிலிருந்து 6 வெள்ளிக்காசு போயிருக்கிறது. எடுத்தது ஆணோ பெண்ணோ, சிறுவனோ சிறுமியோ, அடிமையோ அல்லாதவரோ, கிறிஸ்தவரோ பிறரோ, யாராயிருந்தாலும் விடாதே என்று தெய்வத்திடம் முறையிடுகிறார். ஒரு எட்ஜ் கேஸ்கூட மிச்சமில்லை. படித்துச் சிரித்தேன்.

அந்தத் தகட்டின் மறுபக்கத்தில் 18 பெயர்கள் இருக்கின்றன. சந்தேகப் பட்டியல் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. 6 காசை எத்தனை பேர் சேர்ந்து திருடியிருக்க முடியும்? அந்தப் பதினெட்டில் பெரும்பாலோர் ஒன்றும் அறியாதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கல்லூரி விடுதியில் என் 500 ரூபாய் காணாமல் போனது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு பெயர் எழுதினேன். முதல் பெயர் என் அறைத் தோழனுடையது. அவன் அதைப் பார்த்துவிட்டான், ஒன்றும் கேட்கவில்லை. மறுவாரமே வேறு அறைக்கு மாறிப் போய்விட்டான். செமஸ்டர் முடியும்போது பணம் என் ரெக்கார்டு நோட்டுக்குள்ளேயே கிடைத்தது. அதை அவனிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

அன்னியானஸுக்கு அந்தக் காசு திரும்பக் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். கிடைத்திருந்தாலும் ஊற்றுக்குள் இறங்கித் தகட்டை எடுக்கவா முடியும்? 1,500 வருஷத்துக்கு மேல் அந்தப் பதினெட்டுப் பேரும் வெந்நீருக்குள்ளேயே கிடந்தார்கள்.